சசெக்ஸ் கடற்கரையில் உங்கள் தெருவின் பழைய கதையைத் தேடுவது எப்படி?

பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ், வொர்திங் என்று சசெக்ஸ் கரையோர ஊர்களுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களில் சிலருக்கு, கொஞ்ச வருடம் போனதும் ஓர் ஆசை வரும். குடியிருக்கும் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்? தெரு முனையில் மூடிக் கிடக்கும் கட்டடம் என்னவாக இருந்தது? பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லும் கதையில் எவ்வளவு உண்மை? பிள்ளையின் பள்ளிக்கூட புராஜெக்ட்டில் தொடங்கி முழுநேரப் பைத்தியமாக ஆனவர்களும் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். தகவலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. எதை எங்கே, எந்த வரிசையில் கேட்பது என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமாகப் போனால் 30, 40 பவுண்டுக்குள் முடிக்கலாம். கண்ட இணையதளத்துக்கெல்லாம் சந்தா கட்டினால் 200 பவுண்டு கூடக் கரையும். வார இறுதிகளில் மட்டும் உட்காருபவருக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும். கீழே உள்ள கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அரசு தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் ஊர் எந்த சசெக்ஸ் என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் ரயில் ஏறினால் பாதி நாள் போய்விடும். சசெக்ஸ் பேச்சில் ஒன்றுதான், ஆவணங்களில் பல துண்டு. கிழக்கு சசெக்ஸுக்கும் பிரைட்டன் அண்டு ஹோவுக்கும் உரிய ஆவணக் காப்பகம் ஃபால்மரில் இருக்கிறது, பெயர் 'தி கீப்'. மேற்கு சசெக்ஸின் ஆவணக் காப்பகம் சிச்செஸ்டர் நகரில். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம்.

குழப்பம் நடுவில் உள்ள ஊர்களுக்குத்தான். ஹேவர்ட்ஸ் ஹீத், பர்ஜெஸ் ஹில், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மூன்றும் 1974 வரை கிழக்கு சசெக்ஸ், அதன்பின் மேற்கு. அந்த ஊர்களின் தாள்கள் இரண்டு காப்பகங்களிலும் பிரிந்து கிடக்கலாம். பிரைட்டனும் ஹோவும் 1997-இல் ஒரே நிர்வாகமாகி, கிழக்கு சசெக்ஸ் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) தனியாகப் பிரிந்தன.

இது போதாதென்று பிறப்பு, இறப்புப் பதிவு மாவட்டங்கள் வேறு கணக்கில் ஓடும். 19-ஆம் நூற்றாண்டில் ஹோவில் பிறந்த குழந்தையைப் பிரைட்டன் பதிவில் தேடினால் கிடைக்காது. அப்போது ஹோவ், ஸ்டெய்னிங் பதிவு மாவட்டத்தில் இருந்தது. சர்ச் நிர்வாகமும் தனி. முழு சசெக்ஸும் சிச்செஸ்டர் மறைமாவட்டம் என்பதால், கிழக்குக் கோடியில் உள்ள ஊரின் சர்ச் தாள் ஒன்று மேற்கே சிச்செஸ்டரில் இருப்பது இங்கே சகஜம்.

சரி, வழி என்ன? தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' என்ற இணையப் பட்டியலில் ஊர் பெயரையும் தெருப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். எந்தத் தாள் எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் உள்ளது என்று அது காட்டும். இலவசம். அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு காப்பகங்களின் சொந்தப் பட்டியல்களையும் பாருங்கள், சில தாள்கள் அங்கே மட்டும்தான் ஏறியிருக்கும்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

'ஹேஸ்டிங்ஸின் வரலாறு' என்று போய் நின்றால் காப்பக ஊழியர் பாவம், என்ன எடுத்துத் தருவார்? ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு கடை, ஒரு பள்ளி என்று பிடியுங்கள். காலத்தையும் முப்பது, நாற்பது வருடத்துக்குள் அடக்குங்கள். 'இந்தத் தெருவில் 1900 முதல் 1939 வரை தங்கும் விடுதி நடத்தியவர்கள் யார்' என்பது பதில் கிடைக்கும் கேள்வி.

3. பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள்

எல்லா வழிகாட்டிகளும் இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் முன்னால் வைக்கிறேன். 1840-ஆம் ஆண்டு வரைபடம் அடுத்த வருடமும் அதே பெட்டியில் இருக்கும். போர்க்காலத்தில் சிறுவனாக இருந்தவருக்கு இப்போது 85 வயதுக்கு மேல். யாரை முதலில் பார்ப்பது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆளை எங்கே பிடிப்பது? உள்ளூர் நூலகம், சர்ச்சில் நடக்கும் காபி மார்னிங், லைஃப்போட் நிலையத் தொண்டர்கள், பௌல்ஸ் கிளப், காய்கறி போடும் அலாட்மென்ட் தோட்டங்கள். ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு ஊருக்கும் பழைய நினைவுக் குழுக்கள் உண்டு. புகைப்படத்துக்கு அவை நல்லவை, தேதிக்கு நம்ப வேண்டாம்.

கதவைத் தட்டிக் கேட்காதீர்கள். வயதானவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருப்பதால், முன்பின் தெரியாத ஒருவர் வந்து 'உங்கள் சிறுவயது பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பயப்படத்தான் செய்வார்கள், பிள்ளைகளும் கோபப்படுவார்கள். தெரிந்தவர் மூலம் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயர், தொலைபேசி எண், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். முதல் சந்திப்பில் மிஸ்டர், மிஸஸ் சேர்த்துக் குடும்பப் பெயரால் அழையுங்கள். பெயர் சொல்லியே கூப்பிடு என்று அவர்களே சொல்வார்கள், அதன்பின் பெயர் போதும். நம் பழக்கத்தில் வாயில் வரும் ஆன்ட்டி, அங்கிள் இங்கே எடுபடாது.

கேர் ஹோமில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்ட்போர்ன், பெக்ஸ்ஹில், வொர்திங் பக்கம் நம்மவர்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். அருமையான கதைகள் தினமும் காதில் விழும். ஆனால் மேலாளரின் எழுத்து அனுமதியும், அந்தப் பெரியவரின் சம்மதமும், தேவையான இடத்தில் குடும்பத்தாரின் சம்மதமும் இல்லாமல் போனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். நினைவுத் தடுமாற்றம் உள்ளவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. வேலைக்கே ஆபத்து வரும், விசா அந்த வேலையோடு கட்டியிருந்தால் இன்னும் சிக்கல்.

கேள்விகளைப் பற்றி. 'போர் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'கஷ்டமாக இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். 1939 செப்டம்பரில் லண்டன் பிள்ளைகளைப் பாதுகாப்புக்காக சசெக்ஸுக்கு அனுப்பினார்கள். அடுத்த கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததும் இந்தக் கரையே போர்முனை ஆகிவிட, அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து உள்நாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. கடற்கரையில் முள்கம்பியும் கண்ணிவெடியும். எதிரி இறங்கிவிடக் கூடாது என்று, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலங்களான பியர்களின் நடுப்பகுதியைப் பிரித்துப் போட்டார்கள். ஆகவே, 'வீட்டில் லண்டன் பிள்ளை யாராவது தங்கினார்களா?', 'மறுபடி கடலில் கால் நனைத்தது எப்போது?' என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

போருக்குப் பின் பிறந்தவர்களுக்கு வேறு கொக்கிகள். ரேஷன் முழுதாக நின்றது 1954. மாட்ஸ், ராக்கர்ஸ் என்ற இரண்டு இளைஞர் கூட்டங்கள் 1964 மே மாதம் பிரைட்டனிலும் ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸிலும் கடற்கரையில் மோதிக்கொண்டன. லூயிஸ், அக்ஃபீல்டு இடையே ரயில் நின்றது 1969. ஷில்லிங், பென்னி கணக்கு மாறியது 1971 பிப்ரவரி. பிரைட்டன் வெஸ்ட் பியர் மூடியது 1975. பிரைட்டன் கிராண்ட் ஹோட்டலில் குண்டு வெடித்தது 1984 அக்டோபர். எல்லாவற்றிலும் சுலபமான கொக்கி 1987 அக்டோபர் 15 இரவு அடித்த பெரும்புயல். அந்த இரவு எங்கே படுத்திருந்தார்கள், காலையில் எந்த மரம் விழுந்து கிடந்தது என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அவர் களைப்பதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். பழைய புகைப்படமோ அந்தத் தெருவின் பழைய வரைபடப் பிரதியோ கொண்டுபோய் மேசையில் வையுங்கள், விரல் வைத்துக் காட்டிப் பேசுவார்கள். வருடம் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள், பத்து வருடம் முன்னே பின்னே போகும். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, யார் வீட்டில் என்ன வாசம் வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

4. பதிவும் ஒப்புதல் தாளும்

தனிக் கருவி வாங்க வேண்டாம், கைப்பேசி போதும். ஆனால் சுருக்கப்பட்ட எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமிக்கும் இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பகங்கள் வேவ்-தான் கேட்கும். விமான நிலையில் போட்டுவிட்டு, ஒரு துணியை மடித்து அதன்மேல் போனை வையுங்கள். ஜன்னலை மூடச் சொல்லுங்கள். இந்த ஊர்களில் சீகல் கத்துவது பதிவில் பெரியவரின் குரலை விடச் சத்தமாகக் கேட்கும்.

ஒப்புதல் தாள் இல்லாமல் எதையும் வெளியிட முடியாது. ஒருவர் பேசிப் பதிவான சொற்களின் காப்புரிமை அவருடையது. 1989 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இதுதான் நிலைமை. நீங்கள் கேட்டீர்கள், உங்கள் போனில் இருக்கிறது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது. பிரிட்டனின் ஓரல் ஹிஸ்டரி சொசைட்டி தன் தளத்தில் இதற்கான விளக்கங்களை இலவசமாக வைத்திருக்கிறது, அதைப் பார்த்து ஒரு பக்கத்தில் தாள் தயாரியுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: எங்கெல்லாம் பயன்படுத்தலாம், உண்மைப் பெயர் போடலாமா, சில ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டிய பகுதி உண்டா, பின்னால் மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவது. பேச்சு முடிந்தபின் கையெழுத்து வாங்குங்கள். என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரியும். அவர் காலமான பின் பிள்ளைகளிடம் அனுமதி வாங்குவது பெரும்பாடு.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் ஆகும். தானியங்கிச் செயலிகள் வேகமானவை, ஊர்ப்பெயர்களைக் கொன்றுவிடும். பிரைட்டனில் 'தி லேன்ஸ்' வேறு, 'நார்த் லெய்ன்' வேறு. காதுக்கு ஒன்றுபோல இருக்கும், எழுத்து வேறு, இடமும் வேறு. சந்தேகமான பெயர்களை அன்றே எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

5. வரைபடம்

சசெக்ஸின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்க மிக நல்ல இடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம். ஆமாம், ஸ்காட்லாந்துதான். இங்கிலாந்து முழுவதற்கும் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் வரைபடங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மைலுக்கு 25 அங்குல அளவில் உள்ளதை எடுங்கள். சசெக்ஸுக்கு முதல் பதிப்பு 1870-களில் அளந்தது. ஒவ்வொரு வீடும், கிணறும், சில இடங்களில் மரமும் தெரியும். இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. அதற்கும் முந்திய காலம் வேண்டுமென்றால் 1836 சட்டத்தின்படி தயாரான தசமபாக (சர்ச்சுக்குக் கட்டிய விளைச்சல் வரி) வரைபடங்கள். அவை காப்பகத்தில், நிலச் சொந்தக்காரர், குத்தகைக்காரர் பெயர்ப் பட்டியலோடு இருக்கும்.

இங்கே ஒரு பொறி. உங்கள் வீட்டு எண் நூறு வருடம் முன்பும் அதே எண்ணாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். தெருவை நீட்டும்போதெல்லாம் எண்களை மாற்றினார்கள். சில தெருக்களுக்குப் பெயரே மாறியது. கரையோர ஊர்களில் பல வீடுகளுக்கு எண்ணே கிடையாது, பெயர்தான். அதனால் தெருமுனைப் பப், சர்ச், குறுக்குத்தெரு என்று அசையாத ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து வீடுகளை எண்ணிக்கொண்டு வாருங்கள்.

6. சென்சஸும் டைரக்டரியும்

பெயர்களோடு கூடிய கணக்கெடுப்பு 1841 முதல் கிடைக்கும். அந்த முதல் தடவையில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் இருக்காது. 1851 முதல் பிறந்த ஊர், உறவு எல்லாம் வரும். கடைசியாகத் திறந்தது 1921, 2022 ஜனவரியில் வெளியானது. 1931-ஐத் தேடி அலையாதீர்கள், 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் போர், கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று போர்க்காலத் தேவைக்காக எடுத்த ரிஜிஸ்டர், அதாவது மக்கள் பதிவேடு. அதில் சில வரிகள் கறுப்பாக மூடியிருக்கும். நூறு வருடத்துக்குள் பிறந்து, இறந்ததற்கு ஆதாரம் பதிவாகாதவர்கள் அவர்கள்.

கடற்கரை ஊர்களுக்கே உரிய சிக்கல் 1921-இல் இருக்கிறது. வழக்கமாக ஏப்ரலில் எடுப்பதை, வேலைநிறுத்தங்களால் அந்த வருடம் ஜூன் 19-க்குத் தள்ளிவிட்டார்கள். ஜூன் என்றால் சுற்றுலாப் பருவம். அன்றிரவு யார் எங்கே தூங்கினார்களோ அங்கேதான் கணக்கு. பிரைட்டனில் உங்கள் வீட்டில் 'எட்டுப் பேர் குடியிருந்தார்கள்' என்று மகிழும் முன், அவர்களில் எத்தனை பேர் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று பாருங்கள். 'விசிட்டர்' (விருந்தாளி), 'போர்டர்' (பணம் கொடுத்துத் தங்கியவர்) என்று எழுதியிருக்கும். மீனவர் குடும்பங்களில் இதற்கு நேர்மாறு: அன்றிரவு கடலில் இருந்த ஆள் வீட்டுத் தாளில் இருக்கமாட்டார், கப்பலுக்கான தனித் தாளில் தேட வேண்டும்.

பத்து வருட இடைவெளிகளை நிரப்ப டைரக்டரிகள். கெல்லிஸ், பைக்ஸ் இரண்டும் முக்கியம். தெருத் தெருவாக வீட்டுக்காரர் பெயர், தொழில். 'அப்பார்ட்மென்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அந்த வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டார்கள் என்று பொருள், பிரைட்டன் முழுக்க இதைப் பார்ப்பீர்கள். பழைய டைரக்டரிகள் பலவற்றை லெஸ்டர் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அச்சிட்ட வருடத்துக்கு முந்தைய வருட நிலவரம்தான் உள்ளே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஏழைக் குடும்பங்களும் அறை வாடகைக்கு இருந்தவர்களும் பெரும்பாலும் இதில் வரவே மாட்டார்கள்.

பணம்: ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுத் தளங்கள் இரண்டிலும் சந்தா கட்டித்தான் படங்களைப் பார்க்க முடியும். கட்ட வேண்டாம். பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து இவற்றில் ஒன்றையாவது இலவசமாகப் பார்க்கலாம், நூலக அட்டை போதும், அட்டையும் இலவசம். 1921-ஐ லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இலவச சோதனைக் காலம் என்று கார்டு எண் கேட்டால், முடியும் நாளைப் போனில் குறித்து வையுங்கள். அந்தச் சந்தாக்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

7. பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள்

இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. யாருடைய பழைய சான்றையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், உறவினர் என்று நிரூபிக்கத் தேவையில்லை. இது நம்மவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

வாங்க வேண்டிய இடம் ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் அரசுத் தளம் மட்டும். அச்சிட்ட சான்று 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8, பதிவேட்டின் டிஜிட்டல் படம் 3. வரலாற்றுத் தேடலுக்கு அந்த 3 பவுண்டு படமே போதும், பணம் கட்டிய உடனே திரையில் வரும். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய பிறப்புகளுக்கும், 1837 முதல் 1887 வரையிலான இறப்புகளுக்கும்தான் இது கிடைக்கும். திருமணத்துக்குக் கிடையாது. சர்ச்சில் நடந்த திருமணம் என்றால் அதே விவரம் சர்ச் பதிவேட்டில் இருக்கும், காப்பகத்தில் போய்ப் பார்த்துக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் இதே சான்றுக்குப் பல மடங்கு கேட்கும். இன்னொன்று, பட்டியல் மூன்று மாதத் தொகுதிகளாக இருக்கும். குழந்தையைப் பதிய ஆறு வார அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்தது அடுத்த ஆண்டு மார்ச் தொகுதியில் கிடக்கலாம்.

8. வீட்டுப் பத்திரம்

நம் ஊர்ப் பழக்கத்தில் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டால் முன்னோர் கைமாற்றம் எல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே அப்படி வராது. லேண்ட் ரிஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டினால் கிடைப்பது இன்றைய சொந்தக்காரரின் விவரம்தான். இங்கிலாந்து முழுவதும் வீடு கைமாறும்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில். அதற்கு முன் மூலப்பத்திரங்கள் சொந்தக்காரரிடமோ வக்கீலிடமோ பேங்கிலோ இருந்தன. பதிவு முடிந்ததும் பல இடங்களில் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஈஸ்ட்போர்னில் 1926-லும் ஹேஸ்டிங்ஸில் 1929-லும் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், லண்டனுக்கு வெளியே முதலில் இந்த ஊர்களில்தான். அங்கே ரிஜிஸ்டரில் பழைய ஒப்பந்தங்கள் பற்றிய குறிப்புகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். சொந்த வீடு என்றால், வாங்கும்போது வக்கீல் கொடுத்த தாள் கட்டுக்குள் பழைய பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

9. காப்பகத்துக்குப் போவது

தி கீப் 2013-இல் திறந்தது. பிரைட்டனிலிருந்து லூயிஸ் போகும் ரயிலில் ஃபால்மரில் இறங்கி நடக்கலாம். கிழக்கு சசெக்ஸ் ஆவணங்கள், பிரைட்டன் உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பு, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்புகள் மூன்றும் ஒரே கூரையில். உள்ளே போக, படிக்க கட்டணம் இல்லை. சிச்செஸ்டர் காப்பகத்திலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

கையில் இருக்க வேண்டியவை: புகைப்பட அடையாளம், முகவரிச் சான்று. பாஸ்போர்ட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துப் போனால் பிரச்சினை வராது. பென்சில் கட்டாயம், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். பை, கோட், தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கரில். கைப்பேசியில் படம் எடுக்கத் தனி அனுமதியும் கட்டணமும் கேட்கும் காப்பகங்கள் உண்டு, அந்த விவரத்தை முன்னாடியே தளத்தில் பாருங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. தாள்களை முன்கூட்டியே எண் சொல்லி ஆர்டர் செய்துவிட்டுப் போங்கள். போய்த்தான் கேட்பேன் என்றால் எடுத்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

எதை ஆர்டர் செய்வது? வரி கட்டியவர் பெயர் உள்ள ரேட் புத்தகங்கள். நகராட்சி அனுமதிக்குக் கொடுத்த கட்டட வரைபடங்கள், இதில் உங்கள் வீட்டின் படமே கிடைத்தாலும் கிடைக்கும். 1910-ஐ ஒட்டி எடுத்த நில மதிப்பீட்டுப் புத்தகங்கள். இவை எல்லாவற்றையும் விட நான் விரும்பிப் படித்தவை பள்ளி லாக் புத்தகங்கள். தலைமையாசிரியர் அன்றாடம் எழுதிய குறிப்பு. அம்மை பரவியது, புயலில் பிள்ளைகள் வராதது, கிராமப்புறப் பள்ளிகளில் பீருக்கான ஹாப் பறிக்கும் பருவத்தில் வகுப்பு காலியானது என்று ஊரே அதில் இருக்கும். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் சொந்த விவரம் உள்ள தாள்கள் பல ஆண்டுகள் மூடியிருக்கும். கேட்டு மறுத்தால் வருத்தப்படாதீர்கள்.

10. படங்களும் பத்திரிகைகளும்

பிரைட்டன், ஹோவ் பகுதி என்றால் ரீஜன்சி சொசைட்டியின் ஜேம்ஸ் கிரே தொகுப்பைப் பாருங்கள். தெருவாரியாகப் பழைய புகைப்படங்கள், இலவசம். ஓடும் படங்களுக்கு பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஸ்கிரீன் ஆர்கைவ் சவுத் ஈஸ்ட். பத்திரிகைகளுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ், தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கக் காசு. தேடிக் குறித்துவிட்டு நூலகத்தில் போய் வாசியுங்கள். ஒரு படத்தைப் பார்க்கலாம் என்பதால் அதை எடுத்துப் போடலாம் என்று ஆகிவிடாது. எடுத்தவர் இறந்து 70 வருடம் ஆகவில்லை என்றால் உரிமை இன்னும் யாரிடமோ இருக்கிறது.

11. சேர்த்ததை எங்கே கொடுப்பது

உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் அது கணினியோடு போகும். கட்டுரையாக எழுதி ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்துக்குக் கொடுங்கள். ஒலிப்பதிவுகளை ஏற்றுக்கொள்வார்களா என்று காப்பகத்துக்கு முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், ஒப்புதல் தாள் இல்லாததை எடுக்கமாட்டார்கள். பிரைட்டனில் 1972-இல் தொடங்கிய குவீன்ஸ்பார்க் புக்ஸ் என்ற சமூகப் பதிப்பகம் சாதாரண மக்களின் நினைவுகளையே வெளியிட்டு வந்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் முகவரி, நோய், குடும்பச் சண்டை எதையும் வெளியிட வேண்டாம்.

உங்கள் சொந்த நினைவைக் கொடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்ய 1937-இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் அமைப்பின் காப்பகம் தி கீப்பில்தான் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன நடந்தது என்று நாட்குறிப்பு எழுதி அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்கிறார்கள். நைட் ஷிஃப்ட், பஸ்ஸுக்குக் காத்திருந்தது, மதியம் சூடுபடுத்திய ரசம் சாதம், எல்லாவற்றையும் எழுதலாம். உங்கள் பெயரோ மற்றவர் பெயரோ வேண்டாம். முதலில் உங்களைப் பற்றி இரண்டு மூன்று வரி, கடைசியில் இதைக் காப்பகத்துக்குக் கொடுக்கிறேன் என்ற ஒப்புதல் வாசகம். அந்த வாசகம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டி மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம்.